அடுப்படியும் ஆபீசும்: "உட்கார ஒரு ஸ்டூல் கேட்டது தப்பா, சித்தி?"



இந்த இதழில் ஜவ்வரிசி வடாம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மாவு கிளறத் தயாராக இருந்தவர்கள் மன்னிக்கணும். வடாத்தை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். போன வாரம் வந்த ஒரு கடிதம்தான் காரணம்.

ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. அவருடைய பெண் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மேலதிகாரி தினமும் அவள் உடுப்பைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஏதாவது சொல்கிறானாம். "ராத்திரி சாப்பிட வா" என்று கூப்பிடுகிறானாம். மாட்டேன் என்று சொன்னதிலிருந்து அவள் வேலையில் குறை கண்டுபிடிக்கிறானாம். "என் பெண் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் போனில் அழுகிறாள். பொறுத்துப் போடீ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்னது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொன்னேன்.

நான் சொன்ன தப்பான புத்திமதி

2024-ம் வருஷம். என் அக்கா மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஒரு பெரிய கடையில் பில் போடுகிற வேலை. எழுபது எண்பது பேர் வேலை செய்கிற கடை. தினம் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கணும். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினாள்.

"சித்தி, கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். 'கடைக்கு வர்றவங்க பார்த்தா சோம்பேறின்னு நினைப்பாங்க, நிக்க முடியலேன்னா வீட்டுலயே இரு'ன்னு மேனேஜர் சொல்லிட்டார். அடுத்த வாரத்துலேர்ந்து என் ஷிப்டையும் அஞ்சுலேர்ந்து மூணாக் குறைச்சுட்டார். ஸ்டூல் கேட்டது தப்பா, சித்தி?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? "தப்பே இல்லை கண்ணு" என்று சொல்லியிருக்கணும். சொன்னது என்ன தெரியுமா? "நாலு மாசம்தானேடி, பல்லைக் கடிச்சுண்டு பொறுத்துக்கோ. அந்நிய தேசம். வம்பு வேண்டாம்."

அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் பிரசவத்துக்கு நான்தான் போனேன். ஆகஸ்ட் மாதம் போய் இறங்கினபோது பெண்ணின் காலைப் பார்த்தேன். மெட்டி போடுகிற விரல் தெரியாத அளவுக்கு வீக்கம். எனக்கே என் மேல் கோபம் வந்தது.

அவள் வேலைக்குப் போனதும் எனக்குப் பொழுது போகாது. பக்கத்திலேயே ஊர் நூலகம். அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாளிடம் எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து போய் இரண்டு துண்டுப் பிரசுரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அகராதியும் கையுமாக ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் புரிந்ததையும் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

மாமியார் கணக்கு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கணும். கடுமையான முதலாளி எல்லாருமே சட்டத்தை மீறுகிறவர் இல்லை. ஒரு வீட்டில் மூன்று மருமகள்கள். மாமியார் மூன்று பேரையும் ஒரே மாதிரி கரித்துக் கொட்டினால் அது அவர் குணம். மூன்று பேரில் கறுப்பாக இருக்கிறவளை மட்டும், வேறு ஜாதியிலிருந்து வந்தவளை மட்டும் கரித்துக் கொட்டினால் அது பாரபட்சம். அங்கத்திய சட்டம் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். "ஏன் இவளை மட்டும்?" என்று கேட்கிறது.

நம்மிடம் டில்லி சட்டம், சென்னைச் சட்டம் என்று இருப்பது போல அங்கேயும் இரண்டு உண்டு. வாஷிங்டனில் போட்ட சட்டம் ஐம்பது மாநிலத்துக்கும் பொது. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் பங்குக்குக் கூடுதல் காப்பு கொடுக்கலாம்.

பொதுச் சட்டங்களில் பெரியது 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம். அதன் ஏழாம் பகுதி வேலையைப் பற்றியது. இனம், நிறம், மதம், ஆணா பெண்ணா என்பது, பிறந்த நாடு, இந்த ஐந்தில் எதை வைத்தும் வேலை மறுக்கவோ, சம்பளம் குறைக்கவோ, வேலையை விட்டு நீக்கவோ கூடாது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்களுக்கு இது பொருந்தும்.

இதில் "பெண்" வந்த கதை வேடிக்கையானது. மசோதாவில் முதலில் அந்த வார்த்தையே கிடையாது. 1964 பிப்ரவரி 8-ந் தேதி, மசோதாவை எதிர்த்துக்கொண்டிருந்த வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித் என்பவர் அதைச் சேர்க்கச் சொன்னார். சபையில் ஒரே சிரிப்பாம். மார்த்தா கிரிஃபித்ஸ் என்ற பெண் உறுப்பினர் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரப் பிரஜைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமானால் இந்தச் சிரிப்பே போதும் என்கிற மாதிரி பதில் சொன்னார். ஓட்டுக்கு விட்டபோது 168 பேர் ஆதரவு, 133 பேர் எதிர்ப்பு. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

குடம் தூக்கலாம், வேலை கூடாதாம்!

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஜார்ஜியா மாநிலத்தில் லொரெய்ன் வீக்ஸ் அல்ல, லொரினா வீக்ஸ் என்ற அம்மாள் (பேரை நானே இரண்டு தடவை தப்பாகப் படித்தேன்) டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். அதிகச் சம்பளம் உள்ள ஒரு வேலைக்கு மனுப் போட்டார். "முப்பது பவுண்டுக்கு மேல் பெண்கள் தூக்கக் கூடாது" என்று சொல்லி மறுத்தார்கள். முப்பது பவுண்டு என்றால் பதிமூன்றரை கிலோ சொச்சம். நாம் இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு குடம் தண்ணீர்! அதே கம்பெனியில் அவர் தினமும் எடுத்து வைத்த டைப் மிஷினே 34 பவுண்டு. விதி விதிதானே என்று அவர் அதைத் தூக்க மறுத்துவிட்டார். கடைசியில் 1969-ல் மேல் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பானது.

கடிதம் எழுதிய தாயாருக்கு முக்கியமான பகுதி

வாயால் தொல்லை கொடுப்பது, சாப்பிடக் கூப்பிடுவது, தொடுவது இதெல்லாம் சட்டத்தில் எங்கே வருகிறது? வாஷிங்டனில் மெஷெல் வின்சன் என்ற பெண் 1974-ல் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். மேலதிகாரி தன்னைப் பல வருஷம் பலவந்தப்படுத்தினார் என்பது அவர் வழக்கு. "சம்பளமும் குறையவில்லை, பதவி உயர்வும் கிடைத்தது, அப்புறம் என்ன பாரபட்சம்?" என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. சம்பளம் குறைந்தால்தான் என்றில்லை, வேலை செய்கிற இடத்தையே ஒரு பெண் தாங்க முடியாதபடி ஆக்கினால் அதுவும் பாரபட்சம்தான்.

அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொன்னார்கள். அவள் இணங்கினாளா என்பது கேள்வி இல்லை, அவள் அதை விரும்பினாளா என்பதுதான் கேள்வி. வேலை போய்விடுமே என்ற பயத்தில் ஒரு பெண் சும்மா இருந்தால் அது சம்மதம் ஆகிவிடாது. இந்த வரியைப் படித்தபோது, நம்முடைய எத்தனை பெண்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை சொன்ன அசட்டுப் பேச்சு பொதுவாகச் சட்டத்துக்குள் வராது. அடிக்கடி நடக்கணும், அல்லது ஒரு தடவையே ஆனாலும் மிகக் கடுமையாக இருக்கணும். "ராத்திரி வந்தால் பதவி உயர்வு, வராவிட்டால் வேலை போகும்" என்று மிரட்டி அதன்படியே செய்தால் அது நேரடியான குற்றச்சாட்டு.

ஆபீசிலேயே புகார் கொடுக்க ஏற்பாடு இருந்தால் அதில் எழுத்து மூலம் சொல்லிவிடணும். 1998-ல் வந்த இரண்டு தீர்ப்புகளின்படி, கம்பெனி ஒழுங்கான புகார் ஏற்பாடு வைத்திருந்தும் பெண் காரணமில்லாமல் அதைப் பயன்படுத்தாவிட்டால், சில வழக்குகளில் கம்பெனி அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இடம் உண்டு. "யாரிடம் சொன்னாய்? என்றைக்குச் சொன்னாய்?" என்பதுதான் பின்னால் வருகிற முதல் கேள்வி.

ஸ்டூல் வந்த கதை

கர்ப்பிணி விஷயத்துக்கு வருகிறேன். 1976-ல் உச்ச நீதிமன்றமே, கர்ப்பத்தைக் காரணம் காட்டி நோய்க்கால உதவித்தொகையை மறுப்பது பெண் என்பதற்காகச் செய்த பாரபட்சம் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆண்கள் பிள்ளை பெறுகிறார்களா என்ன! 1978-ல் புதுச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், 2023 ஜூன் 27-ந் தேதி முதல் கர்ப்பிணிகளுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உட்கார இடம், கைக்கெட்டும் தூரத்தில் குடிதண்ணீர், அடிக்கடி பாத்ரூம் போய்வர நேரம், கனம் தூக்காமல் இருப்பது, இப்படிப்பட்ட வசதிகளை முதலாளி செய்துதரணும். தொழிலுக்கே பெரிய இடைஞ்சல் என்றால்தான் மறுக்கலாம். ஒரு ஸ்டூலால் எந்தக் கடை மூழ்கப் போகிறது?

அக்கா மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். திட்டும் இல்லை, கண்ணீரும் இல்லை. எந்தத் தேதியில் ஸ்டூல் கேட்டாள், மேனேஜர் என்ன சொன்னார், எந்த வாரத்திலிருந்து ஷிப்ட் குறைந்தது, அவ்வளவுதான். கடையின் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் ஸ்டூல் வந்தது. ஷிப்ட் மட்டும் மூணாகவே இருந்தது.

இங்கேதான் எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது. கேட்டதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம். புகாரில் சொன்னது கடைசியில் நிரூபிக்கப்படாமல் போனாலும், நல்லெண்ணத்தோடு புகார் செய்தவளைத் தண்டிக்கக் கூடாது. அமெரிக்காவில் வருகிற புகார்களில் பல வருஷங்களாக அதிகம் வருவதே இந்தப் பழிவாங்கல் புகார்தானாம். அவள் இரண்டாவது கடிதம் எழுதினாள். இரண்டு வாரத்தில் ஐந்து ஷிப்டும் திரும்ப வந்தது. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், கால் வீக்கம் வடிந்ததே!

கெடு தாண்டிய ஒரு அம்மாள்

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. நூலகத்தில் ஒரு குஜராத்தி அம்மாள் சிநேகமானார். அறுபதைத் தாண்டியவர். எனக்கு அரைகுறை ஹிந்தி, அவருக்கு அரைகுறை இங்கிலீஷ். எப்படியோ பேசிக்கொள்வோம். ஒரு கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். புதிதாக வந்த அதிகாரி, "உன் இங்கிலீஷ் யாருக்கும் புரியவில்லை, உனக்கு வயசாச்சு" என்று சொல்லிப் பின்கட்டு கோடவுனுக்கு அனுப்பி, ஆறு மாதத்தில் வீட்டுக்கே அனுப்பிவிட்டாராம். பதினோரு வருஷம் புரிந்த இங்கிலீஷ் திடீரென்று புரியாமல் போய்விட்டது!

நான் என் துண்டுப் பிரசுரத்தைக் காட்டினேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-லேயே சட்டம் இருக்கிறது. இருபது பேர் வேலை செய்கிற இடங்களுக்கு அது பொருந்தும். பேச்சுச் சாயலைக் காட்டி ஒதுக்குவதும், அந்த வேலைக்கு உண்மையில் அது தடையாக இல்லாவிட்டால், பிறந்த நாட்டை வைத்துச் செய்கிற பாரபட்சமாகலாம். அந்த அம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. புகார் கொடுக்கக் கெடு 180 நாள். மாநிலத்திலும் இதற்கென்று சட்டமும் அலுவலகமும் இருந்தால் 300 நாள். அவருக்கு நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"யாரும் சொல்லலியே பஹன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "என் மருமகள் வேலைக்குப் போறா, அவளுக்கு" என்றார்.

அந்த அக்டோபரில்தான் நூலகப் பேப்பரில் லில்லி லெட்பெட்டர் அம்மாள் 12-ந் தேதி தமது 86-வது வயதில் காலமானார் என்ற செய்தியைப் பார்த்தேன். அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர். யாரோ பேர் போடாமல் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டு மூலம்தான் தம் சம்பளம் குறைவு என்றே அவருக்குத் தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களில் குறைந்த சம்பளக்காரருக்கு 4,286, அதிகமானவருக்கு 5,236. கோர்ட்டுக்குப் போனார். 2007-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கெடுவுக்குள் புகார் செய்யவில்லை என்று தள்ளிவிட்டது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் செய்வது? 2009 ஜனவரி 29-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா அவர் பேரிலேயே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பாரபட்சமான சம்பளம் கைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் கெடு புதிதாக ஆரம்பிக்கும் என்பது அந்தச் சட்டம். அந்த அம்மாளுக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு காசு வரவில்லை. பின்னால் வருகிற பெண்களுக்கு வழி வைத்துவிட்டுப் போனார்.

எங்கே போவது, எப்படிப் போவது?

இதற்கென்று சம வேலை வாய்ப்பு ஆணையம் என்று ஒன்று 1965-லிருந்து இருக்கிறது. ஈ.ஈ.ஓ.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 1-800-669-4000 என்ற எண்ணுக்குப் போன் பண்ணி விசாரிக்கலாம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் செலவில்லாமல் உட்கார வைத்துப் பேசித் தீர்த்துவைக்கவும் ஏற்பாடு உண்டு. தீராவிட்டால், கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆணையம் கடிதம் தரும். அது கைக்கு வந்த 90 நாளுக்குள் வழக்குப் போடணும். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு முறை வேறு. அவர்கள் 45 நாளுக்குள் தங்கள் ஆபீசிலேயே உள்ள ஆலோசகரிடம் போகணும்.

ஒரு முக்கியமான விஷயம். ஆபீசுக்குள்ளேயே புகார் கொடுத்துவிட்டோம், விசாரணை நடக்கிறது என்று காத்திருந்தாலும் இந்த 180, 300 நாள் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

விசா பயம் நியாயமான பயம்தான். இந்தச் சட்டங்கள் அங்கே வேலை செய்கிற நம் பெண்களையும் காக்கும், குடியுரிமை வேண்டும் என்பதில்லை. ஆனால் கம்பெனி வாங்கிக்கொடுத்த விசாவில் இருப்பவளுக்கு வேலை போனால், அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஆகவே அப்படிப்பட்டவர்கள் குடியேற்ற விஷயம் தெரிந்த வக்கீலையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாயாருக்கு என் பதில்

அம்மா, "பொறுத்துப் போ" என்று இனிமேல் சொல்லாதீர்கள். "நான் இருக்கேன், எழுதி வை" என்று சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கணும், ஆபீசில் கூடாது. பால் கணக்கு எழுதுவது போல அன்றன்றைக்கு எழுதணும். தேதி, மணி, அவன் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், இவள் என்ன பதில் சொன்னாள். அவன் அனுப்பிய செய்திகளை வெட்கப்பட்டு அழிக்கக் கூடாது. "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு தடவையாவது தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஆபீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளணும். நடந்த தேதியிலிருந்து நாளை எண்ணிக் காலண்டரில் சுழித்து வைக்கணும். புருஷனிடமும் சொல்லணும். தப்புப் பண்ணினவன் நிம்மதியாகத் தூங்குகிறான், இவள் எதற்கு மறைக்கணும்?

வேலையை விடுவதா, தொடர்வதா, புகார் கொடுப்பதா என்பது அவள் முடிவு. நாம் இங்கே இருந்துகொண்டு முடிவு பண்ண முடியாது. ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவு பண்ணட்டும். வழியே இல்லை என்று நினைத்துப் பண்ண வேண்டாம்.

என் அக்கா மகளுக்கு நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. வேலைக்குத் திரும்பியபோது, குழந்தைக்குப் பால் எடுத்துவைக்க நேரமும், பாத்ரூம் அல்லாத ஒரு தனி இடமும் கேட்டாள். குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை அதைக் கொடுக்கணும் என்று சட்டம் இருக்கிறது. 2022-ல் அதை இன்னும் நிறையப் பேருக்கு விரிவுபடுத்தினார்கள். இந்தத் தடவை அவள் என்னைப் போனில் கேட்கவில்லை. கேட்டு வாங்கிய பிறகுதான் சொன்னாள்.

"அந்த ஸ்டூல் இன்னும் அங்கேயே இருக்கு, சித்தி. இப்போ வேற ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. அவளுக்கு ஏழாம் மாசம்."

அடுத்த இதழில் நிச்சயம் வடாம். வெயில் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.